ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே ஜோடி டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்15, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310, நிஞ்சா 300 மாதிரி பைக்கை வைத்துக்கொண்டு வாரநாளில் வேலைக்கும், ஞாயிறு அதிகாலையில் ஏலகிரி, ஏற்காடு பக்கமும் போய்வருகிற பலர், வருடத்தில் சில நாள் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை செட்டிபாளையம் கரி டிராக்கிலோ ஓட்ட (இதைத்தான் டிராக் டே என்கிறார்கள்) ஆசைப்படுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய பைக் வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் ஒரு பதில் இருக்கிறது.

முதல் முறையாக டிராக் டேக்குப் போகிறேன். பைக்கோடு வந்த டயரே போதுமா?

பெரும்பாலும் போதும். எங்கே பிரேக் பிடிப்பது, எந்தப் புள்ளியில் வளைவுக்குள் திருப்புவது, கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவே முதல் நாள் சரியாக இருக்கும். அந்த வேலைக்குப் பழகின டயர் நல்லது. அது எந்த நிலையில் நெளிய ஆரம்பிக்கும், எப்போது பிடியை விடும் என்று உங்கள் உடம்புக்கே ஓரளவு தெரிந்திருக்கும். அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2020 முதல் மிஷலின் ரோடு 5 போட்டுக் கொடுத்தார்கள். அது ஸ்போர்ட் டூரிங் வகை டயர்தான். அதை வைத்தே டிராக்கில் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம்.

டயர் ஐந்து வயதைத் தாண்டியிருந்தாலோ, நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, பஞ்சர் போட்டிருந்தாலோ மட்டும் மாற்றிவிட்டுப் போங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

கடையில் டூரிங், ஸ்போர்ட், ரேஸ் என்று அடுக்குகிறார்கள். என்ன வித்தியாசம்?

ஒரு முனையில் ஸ்போர்ட் டூரிங். மிஷலின் ரோடு 5, டிவிஎஸ் யூரோகிரிப் ரோட்ஹவுண்ட் எல்லாம் இந்த வகை. மழையில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் சூடேறும், நிறைய கிலோமீட்டர் வரும். அடுத்தது ஸ்போர்ட். பிரெல்லி டயாப்லோ ரோஸோ, மெட்ஸலர் ஸ்போர்டெக், பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் எஸ் வரிசைகள் இதில் வரும். நம் ஊர்த் தயாரிப்பில் அப்போலோ ஆல்ஃபா எச்1, யூரோகிரிப் புரோடார்க் எக்ஸ்ட்ரீம் இருக்கின்றன. ஓரப் பகுதியில் கோடு (தண்ணீர் வெளியேற வெட்டியிருக்கும் பள்ளம்) குறைவு, ரப்பர் கொஞ்சம் மென்மை, சாய்த்துத் திருப்பும்போது பைக் சட்டென்று இறங்கும் வடிவம்.

அதற்கு மேலே ரோட்டில் ஓட்ட அனுமதி இருந்தும் மனம் முழுக்க டிராக்கிலேயே இருக்கிற டயர்கள்: பிரெல்லி டயாப்லோ சூப்பர்கோர்ஸா, மெட்ஸலர் ரேஸ்டெக் ஆர்ஆர், மிஷலின் பவர் கப் 2. ஓரத்தில் கோடே இருக்காது. கடைசியாக ஸ்லிக், அதாவது எங்குமே கோடு இல்லாத ரேஸ் டயர். அது ரோட்டுக்கு இல்லை.

ஒவ்வொரு வகையும் எல்லா சைஸிலும் கிடைக்காது. 300, 400 சிசி பைக்குகளின் சைஸில் தேர்வு பாதியாகக் குறைந்துவிடும். முதலில் உங்கள் சைஸில் என்ன கிடைக்கிறது என்று கடையில் கேட்டுவிட்டு அப்புறம் பெயரைப் பற்றி யோசியுங்கள்.

சரி, இதில் நான் எதை வாங்குவது?

வருடத்தில் இரண்டு மூன்று டிராக் நாள், மீதி எல்லாம் ரோடு என்றால் ஸ்போர்ட் வகை. மழைக்காலத்திலும் தினமும் ஓட்டுகிறவராக இருந்தால் ஸ்போர்ட் டூரிங்.

டிராக்கில் போடப்போகிற நல்ல லேப்பை (டிராக்கின் ஒரு முழுச் சுற்று) மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் டயர் வாங்கப் போகிறார்கள். அன்று சாயங்காலம் வீடு திரும்பும் வழியை யாரும் நினைப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னைக்குள் வர பெங்களூரு நெடுஞ்சாலைதான் வழி. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரி, சர்வீஸ் ரோட்டில் மண், சிந்திய டீசல், ஐப்பசியாக இருந்தால் மழை வேறு. நாள் முழுக்க ஓட்டிக் கை சோர்ந்திருக்கும், கவனமும் குறைந்திருக்கும். ஒரு கார் திடீரென்று குறுக்கே வந்தால் அங்கே உங்களைக் காப்பாற்ற வேண்டியது சூடே ஏறாத, நனைந்த டயர்தான். டிராக்கில் கிரிப் குறைந்தால் லேப் நேரத்தில் ஒரு நொடி போகும். ரோட்டில் குறைந்தால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பயணத்தின் மிகக் குளிர்ந்த, மிக ஈரமான நேரத்தில் எது நன்றாகப் பிடிக்குமோ அதை முதலில் தேடுங்கள். அதில் டிராக்குக்கும் ஒத்துவருகிறதை எடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 40 குதிரைத்திறன் சொச்சம் உள்ள ஒரு பைக், நல்ல ஸ்போர்ட் டயரின் பிடியைத் தாண்டிப் போகவே அனுபவம் வேண்டும். அந்த அளவுக்கு வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

ரேஸ் டீம்கள் ஓட்டிக் கழித்த ஸ்லிக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ரோட்டில் ஓட்ட, கண்டிப்பாக வேண்டாம். கோடு இல்லாத டயரில் தண்ணீர் வெளியேற வழியில்லை. லேசான தேக்கத்திலேயே டயர் தண்ணீர் மேல் மிதந்துவிடும். சட்டப்படியும் அது ரோட்டு டயர் இல்லை.

டிராக்குக்கு மட்டும் என்றாலும் யோசிக்க வேண்டும். ஸ்லிக்கை வார்மர் (டயரைச் சுற்றிப் போர்த்தும் மின் போர்வை) போட்டு 80, 90 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பிட்டிலிருந்து (டிராக் ஓரம் பைக்கை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வெளியே எடுப்பார்கள். அந்த வெப்பத்தில் வேலை செய்யத்தான் அதன் ரப்பரும் உள்கூடும் செய்யப்பட்டிருக்கின்றன. வார்மர் இல்லாமல், புதிதாகக் கற்றுக்கொள்கிறவரின் வேகத்தில் அது சூடாகவே ஆகாது. சூடாகாத ஸ்லிக், நல்ல ரோட்டு டயரை விட மோசமாக வழுக்கும். அதுபோக ரப்பர் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். அந்தச் சுற்றுகளை யாரோ ஏற்கெனவே முடித்துவிட்ட டயருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

மென்மையான ரப்பர் என்றால் அதிக கிரிப் தானே?

அதற்குரிய வெப்பத்தில் மட்டும். ஒவ்வொரு கலவைக்கும் நன்றாக வேலை செய்யும் வெப்ப வரம்பு ஒன்று உண்டு. கீழே இருந்தால் கட்டையாக இருக்கும், மேலே போனால் பிசுபிசுத்து நழுவும். சிலிக்கா அதிகம் கலந்த ரப்பர் குளிரிலும் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும். டிராக்குக்கான ரப்பரில் கார்பன் பிளாக் கூடுதல். அது உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும், ஆனால் அந்த வெப்பத்தை எதிர்பார்க்கவும் செய்யும். நல்ல ரோட்டு டயர்கள் பலவற்றில் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மென்மையாகவும் இரண்டு கலவை வைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் நேராக ஓடியே நடுப்பகுதியைத் தேய்த்துவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

டயர் பக்கத்தில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

150/60 ஆர்17 66எச் என்று இருந்தால், அகலம் 150 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 90 மி.மீ. ஆர் என்பது ரேடியல் (உள்ளே இழைகள் விளிம்புக்கு விளிம்பு நேர் குறுக்காக ஓடும் அமைப்பு), 17 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 66 என்பது அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. எஸ் 180, வி 240, டபிள்யூ 270. என் பைக் 210 போகாதே என்று நினைத்துக் குறைந்த எழுத்தை வாங்காதீர்கள். அந்த எழுத்து டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம். டிராக்கில் அதுதான் முக்கியம்.

தயாரித்த தேதி தனியாக நான்கு எண்ணில் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறியும் இருக்கும். மாட்டி முடித்ததும் அதை நீங்களே ஒரு முறை பாருங்கள்.

ஒரு சைஸ் அகலமாகப் போட்டால் பிடிமானம் கூடுமா?

அநேகமாகக் கூடாது. ரிம்மின் அகலம் மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் இரண்டு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். தயாரித்தவர்கள் நினைத்த வளைவு வடிவம் போய்விடும். சாய்க்கும்போது தரையில் படும் பரப்பும் அவர்கள் கணக்குப் போட்டபடி இருக்காது. எடை கூடுவதால் பைக் திரும்புவதற்கும் சோம்பல்படும்.

உயரத்தையும் கவனியுங்கள். 140/70 டயரின் பக்கச் சுவர் 98 மி.மீ., 150/60-க்கு 90. எட்டு மி.மீ. பின்பக்கம் ஏறினாலோ இறங்கினாலோ ஸ்டீயரிங் கோணம் மாறி, பைக்கின் குணமே மாறுவதை உணர்வீர்கள். கம்பெனி சைஸிலேயே நல்ல டயராகப் போடுங்கள். இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

ரேடியல் கட்டாயமா?

டிராக் எண்ணம் இருந்தால், உங்கள் சைஸில் கிடைத்தால், ரேடியல். அது வெப்பத்தை நன்றாகச் சமாளிக்கும், வளைவில் தரையோடு படிந்து நிற்கும். முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் (இழைகள் சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பழைய அமைப்பு) என்று நீங்களாகக் கலக்காதீர்கள். ஆர்15-இல் கம்பெனியே முன்னால் 100/80-17 பயஸும் பின்னால் 140/70 ரேடியலும் வைத்திருக்கிறது. அது அவர்கள் சோதித்துப் பார்த்து வைத்த ஜோடி. முடிந்தவரை இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் போடுவது நல்லது.

டிராக்கில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

மற்றதை எல்லாம் விட அதிகப் பலன் தரும் விஷயம் இதுதான், செலவும் இல்லை.

கையேட்டில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. டயர் சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயருக்குள் காற்று 70 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 36 காட்டும். இது வெறும் இயற்பியல் கணக்கு. எந்த பிராண்டாக இருந்தாலும் ஏறும். ரோட்டில் அவ்வளவு சூடாவது அபூர்வம். டிராக்கில், அதுவும் மதிய வெயிலில், எளிதாக நடக்கும். அழுத்தம் ஏறினால் டயர் உப்பித் தரையில் படும் பரப்பு குறையும், அப்புறம் பைக் வெண்ணெயில் ஓடுவது போல நழுவும். நாலாவது லேப் வரை நன்றாக இருந்தது, பிறகு பின்சக்கரம் வழுக்குகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரோட்டு டயரில், காலையில் ஆறியிருக்கும்போது கையேட்டு எண்ணிலிருந்து 2 முதல் 4 பி.எஸ்.ஐ. வரை குறைத்துத் தொடங்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து பிட்டுக்கு வந்தவுடனே அளந்து எழுதி வையுங்கள். ஆறிய எண்ணை விட ஐந்தாறுக்கு மேல் ஏறியிருந்தால், முதலிலேயே மிகவும் குறைத்துவிட்டீர்களோ என்று சந்தேகப்பட வேண்டும். காற்று குறைந்தால் டயர் அதிகமாக நெளியும், நெளிவதால் சூடு கூடும். அந்தச் சூட்டைப் பார்த்து இன்னும் காற்றை இறக்கினால் சிக்கல்தான். அந்த டயரைத் தயாரித்தவர் டிராக்குக்கென்று எண் வெளியிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ரேஸில் மிகக் குறைவாக வைக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: உலகின் உச்ச பைக் ரேஸான மோட்டோ ஜிபி-யிலேயே முன் டயருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் விதியாக இருக்கிறது. 2024 முதல் அது 1.80 பார், அதாவது 26 பி.எஸ்.ஐ. சொச்சம். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் சூடான டயரில், ரோட்டு டயரோடு ஒப்பிடவே முடியாத கட்டமைப்பில்.

சொந்தமாக ஒரு நல்ல கேஜ் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) வாங்குங்கள். பங்க்குக்குப் பங்க் எண் மாறும். வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு சின்ன பம்ப்பும் பையில் இருக்கட்டும்.

நைட்ரஜன்?

தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். ஈரமில்லாத காற்று என்பது மட்டும்தான் லாபம்.

ஊட்டி ஏறும்போது காற்றைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் அதிகமாகக் காட்டும். குளிர் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 30 வைத்துக்கொண்டு கிளம்பி, 2,240 மீட்டர் உயரத்தில் 15 டிகிரியில் டயர் ஆறிய பிறகு பார்த்தால், இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு ஏறக்குறைய அதே 30 தான் இருக்கும்.

புது டயர் போட்டவுடன் டிராக்குக்குப் போகலாமா?

இரண்டு நாள் முன்னாலேயே போட்டு, 100, 150 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். நேராக மட்டும் ஓட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் பழகும். சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓரத்தையும் பழக்க வேண்டும். ஷைன் வருவதற்காகக் கடையில் எதையாவது தடவிக் கொடுத்தால் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். பேலன்ஸிங் செய்யாமல் கடையை விட்டு வராதீர்கள்.

சூடேற்ற, டிராக்கில் பாம்பு மாதிரி வளைத்து ஓட்டுகிறார்களே?

அதனால் பெரிய பலன் இல்லை. டயரின் உள்கூடு நெளிந்தால்தான் சூடு ஏறும். நேர்ப் பகுதியில் பைக்கை நிமிர்த்தி வைத்து நன்றாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, உறுதியாக பிரேக் பிடித்தாலே அது நடக்கும். முதல் இரண்டு லேப் இப்படிப் போங்கள். வலது வளைவுகள் அதிகம் உள்ள டிராக்கில் டயரின் இடது பக்கம் ஆறிப்போய் இருக்கும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் இடது வளைவை எப்போதும் மரியாதையோடு எடுங்கள்.

பஞ்சர் போட்ட டயரோடு டிராக்கில் ஓட்டலாமா?

கூடாது. ரோட்டில் பஞ்சர் கடையில் சொருகும் ஸ்ட்ரிப் அவசரத்துக்கு உதவும். நடுப்பகுதியில் சின்ன ஓட்டையாக இருந்தால், டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ பேட்ச் வைப்பது நல்ல வேலை. ரோட்டில் மிதமாக ஓட்டலாம். ஓரத்திலோ பக்கச் சுவரிலோ ஓட்டை என்றால் டயர் முடிந்தது. டிராக்கில் உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் முழு வேகத்தில் வருகிறார். உங்கள் டயர் விட்டால் விழுவது நீங்கள் மட்டும் இல்லை.

பழைய ஸ்டாக் பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

தேதி எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிழலில், சூடு படாமல் வைத்திருந்த ஒன்றிரண்டு வருடப் பழைய டயரில் தவறில்லை. அதற்கு மேல் என்றால், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கிடந்தது என்றால், டிராக்குக்கு எடுக்காதீர்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு பிராண்டுகள் சில சைஸில் கிடைப்பதே சிரமமானது. அந்தத் தட்டுப்பாட்டில் பழசைப் புதுசு விலைக்கு விற்பவர்களும் இருந்தார்கள். சென்னை எம்ஆர்எஃப், மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ரா மாதிரி இங்கேயே தயாரிப்பவர்களின் டயர் புதிதாகக் கிடைத்தால், வயதான வெளிநாட்டு டயருக்குப் பதில் நான் அதையே சொல்வேன்.

டயரின் ஓரத்தில் தேயாத பட்டை இருக்கிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

செய்யட்டும். ரோட்டில் அந்தப் பட்டை உங்களுடைய இருப்புத் தொகை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் மண்ணோ மாடோ எதிரே வந்தால் இன்னும் கொஞ்சம் சாய்க்க அந்த இடம் வேண்டும். டயரின் வடிவத்தைப் பொறுத்து, நன்றாக ஓட்டுகிறவருக்கும் பட்டை மிஞ்சும். உடம்பை வளைவுக்குள் நகர்த்தி பைக்கைக் குறைவாகச் சாய்ப்பதைத்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பட்டையை அழிப்பதற்காகவே மலைரோட்டில் சாய்த்து விழுந்த இளைஞர்கள் உண்டு. தயவுசெய்து அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள்.

பின் டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

முன் டயர் நல்ல நிலையில், அதே மாடலாக இருந்தால் மாற்றலாம். கோடுகளுக்கு நடுவே இருக்கும் தேய்மான மேட்டைப் பாருங்கள். ரப்பர் அதற்குச் சமமாக வந்துவிட்டால் ரோட்டுக்கே ஆகாது. டிராக்குக்கு அதற்கு வெகுமுன்னாலேயே மாற்றுவது நல்லது.

எனக்கு 600, 1000 சிசி பைக். இதே பதில்தானா?

அடிப்படை அதுதான். ஆனால் 120/70, 180/55, 190/55 சைஸில் தேர்வு மிக அதிகம். பைக்கின் சக்தியும் டயரைச் சோதிக்கும். ரோஸோ IV கோர்ஸா, பேட்லாக்ஸ் எஸ்23, மிஷலின் பவர் ஜிபி2 மாதிரி நடுவாந்திர டயர்கள் ரோட்டையும் டிராக் நாளையும் ஒன்றாகத் தாங்கும். சூப்பர்கோர்ஸாவில் எஸ்பி, எஸ்சி என்று இரண்டு உண்டு. ரோட்டிலும் ஓட்டுவதானால் எஸ்பி. எஸ்சி உண்மையில் ரேஸ் ரப்பர், அது சூட்டை எதிர்பார்க்கும். கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்க்யூட்டில் ஒரு கி.மீ.-க்கு மேல் நீளும் நேர்ப் பகுதி இருக்கிறது. அங்கே ஓட்டும் எண்ணம் இருந்தால் வேக எழுத்து, வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றிலும் இரட்டிப்பு கவனம் வேண்டும்.

எப்போது டிராக்குக்கென்று தனி டயர் வாங்க வேண்டும்?

மாதம் ஒரு முறை போக ஆரம்பித்த பிறகு. ரோட்டு டயரின் ஓரம் நடுப்பகுதிக்கு முன்னாலேயே தேய ஆரம்பித்தால் அதுவும் ஒரு அறிகுறி. அப்போது டயரை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்காமல் ஒரு ஜோடி பழைய சக்கரமே தேடுங்கள். டிஸ்க், பின் ஸ்ப்ராக்கெட், ஏபிஎஸ் வளையம் எல்லாவற்றோடும் வாங்கினால் காலையில் டிராக்கிலேயே அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ரிம்மில் வளைவோ கீறலோ இருக்கிறதா என்று பேலன்ஸிங் மிஷினில் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.